கழுத்துக்குச் சொந்தக்காரி

அங்கயற்கண்ணி இதுவரை முன்னூற்றுப் பன்னிரண்டு பேரைக் கொன்றிருக்கிறாள். எல்லாரையும் கழுத்தில் கடிக்க வைத்துத்தான். பயப்படாதீர்கள், அத்தனையும் காகிதத்தில்.

ஒரு காலத்தில் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல்களைப் படித்தவர்களுக்கு ‘கருடராஜன்’ என்ற பெயர் தெரிந்திருக்கும். அந்தக் கருடராஜன் முறுக்கு மீசை வைத்த ஆண்பிள்ளை இல்லை. பீபிகுளத்தில் இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிற இந்த அங்கயற்கண்ணிதான். பெண்பிள்ளை பேரில் பேய்க்கதை போட்டால் எவன் பயப்படுவான் என்று பதிப்பாளர் வைத்த பெயர் அது. மாதம் ஒன்று, தொண்ணூற்றாறு பக்கம், இருபது வருஷம். எல்லாவற்றிலும் ஒரே வில்லன், ரத்தக்காட்டேரி வேங்கையன். கடைசிப் பக்கத்தில் அவன் சாகவே கூடாது என்பது பதிப்பாளர் போட்ட சட்டம். செத்துத் தொலைந்தால் அடுத்த மாதம் யார் வருவது?

இப்போது அவளுக்கு வயது அறுபது. முகம் வெளுத்து, விரலெல்லாம் சில்லிட்டு, பகலில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே தலைகாட்ட முடியாது. இருபத்தொரு நாளைக்கு ஒரு தரம் இன்னொருவர் ரத்தம் உடம்பில் ஏற வேண்டும். கேட்கிறவர்கள் எல்லாம் விதி என்றார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். “விதியுமில்லை மண்ணாங்கட்டியுமில்லை, வைரஸ்” என்பாள்.

வெளுப்புக் காய்ச்சல் வந்து நாலு வருஷமாகிறது. பிழைத்தவர்களில் ஒரு பங்கினருக்கு இந்தக் கோளாறு தங்கிவிட்டது. மதுரையில் மட்டும் எண்ணூறு பேர். அவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நிற்கும்போது ரோட்டில் போகிற பையன்கள் கத்துவார்கள், “டேய், வேங்கையன் கூட்டம்டா!”

கத்துகிறவனைத் திரும்பிப் பார்த்து முறைக்கத்தான் வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிஷம் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்க்கும். புத்தகம் நின்று எத்தனையோ வருஷமாகிவிட்டது, வேங்கையன் பேர் இன்னும் ஊர் வாயில் இருக்கிறதே!

அன்று செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். அவளை வழக்கமாகக் கூட்டிப்போகும் ஷேர் ஆட்டோ ஒச்சம்மாளுடையது. நாற்பது வயது, வெண்கலக் குரல், ஹாரன் தேவைப்படாத டிரைவர்.

“யக்கா, என்ன மூஞ்சி தொங்கிப் போச்சு?”

“எனக்கு ரத்தம் குடுத்துக்கிட்டு இருந்த செல்வநாயகம் விலகிட்டாராம். மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறாங்களாம். ‘ரத்தம் குடுக்குற வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்’னு சம்பந்தி வீட்ல சொல்லிட்டாங்களாம்.”

“அடி ஆத்தி. வேற ஆளு?”

“இல்லையாம். லிஸ்ட்ல நூறு பேருக்கு மேல காத்துக்கெடக்காங்க.”

ஒச்சம்மாள் சிக்னலில் நின்றபோது கண்ணாடியில் பார்த்தாள். ரொம்ப நாளாக நாக்கு நுனியில் வைத்திருந்த கேள்வியை அன்றைக்குத்தான் இறக்கினாள்.

“கேட்டாத் தப்பா நெனைக்கக் கூடாது. நீங்கள்லாம் அதைக் குடிப்பீங்களாக்கா?”

“எதடி?”

“அதான்... ரத்தத்த.”

அங்கயற்கண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “குடிக்கலடி, ஏறுது. எலும்புக்குள்ள மஜ்ஜைன்னு ஒண்ணு இருக்கு. ரத்தம் செய்யிற அடுப்பு அது. காய்ச்சல் வந்து அந்த அடுப்புக்கு சமையல் மறந்து போச்சு. பாட்டில்ல புடிச்சு வச்ச ரத்தத்தை ஏத்தினா ஒரு மணி நேரம் கூட நிக்காது. உசுரோட இருக்கிற ஒருத்தர் பக்கத்துல படுக்கணும். நடுவுல ‘பாலம்’னு ஒரு மெசினு. அவங்க ரத்தம் எனக்குள்ள வந்து சுத்தி, சமையல் எப்படின்னு என் மஜ்ஜைக்குச் சொல்லிக் குடுத்துட்டு, திரும்ப அவங்களுக்கே போயிரும்.”

“திரும்பப் போயிருதா? அப்ப குடுக்குறவுகளுக்கு ஒண்ணும் குறையாதா?”

“கொஞ்சம் அசதி. ஒரு நாளு தூங்கினா சரியாயிரும்.”

“ஒரே ஆளு ரெண்டு பேருக்குக் குடுத்தா என்ன?”

“கூடாது. குடுக்குறவங்க மஜ்ஜை குழம்பிப் போயிரும். ஒருத்தருக்கு ஒருத்தர்தான். எந்த வகை ரத்தமா இருந்தாலும் மெசினு சரி பண்ணிக்கும், ஆளுதான் வேணும்.”

“ஆளு கெடைக்கலேன்னா?”

“சிலருக்கு ஊசி போட்டு ஒப்பேத்துறாங்க. எனக்கு ஊசி ஒத்துக்கல, பதினாறு நாள் தாங்கும்னு டாக்டர் சொன்னாரு. அப்புறம் இல்ல.”

இறங்கும்போது ஒச்சம்மாள், “ஞாயித்துக்கிழம எம் மகளுக்குக் காதுகுத்து. கண்டிப்பா வரணும்” என்று அழுத்திச் சொன்னாள்.

ஞாயிறன்று அங்கயற்கண்ணி நல்ல சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டு போனாள். செல்லூரில் மண்டபம். வாசலில் பன்னீர் தெளிக்க நாலு பெண்கள் நின்றார்கள். முன்னால் போனவர்களுக்கெல்லாம் “வாங்க, வாங்க, வாங்க” என்று ஒரே உபசாரம். இவள் படியில் கால் வைத்ததும் நாலு பேரும் வாயை இறுக மூடிக்கொண்டார்கள். பன்னீர்ச் சொம்பு அப்படியே நின்றது. ஒருத்தி தலையை மட்டும் ஆட்டினாள். இன்னொருத்தி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வந்தவர்களை ‘வாங்க’ என்று சொல்லாத வீடு மதுரைப் பக்கம் உண்டா? பங்காளிச் சண்டையில் வெட்டிக்கொண்டவன் வந்தால்கூட அந்த ஒரு வார்த்தையை முணுமுணுத்துவிடுவார்களே!

பிறகு விளங்கியது.

அவளுடைய மூன்றாவது நாவல். அதில் வேங்கையனுக்கு அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். வீட்டுக்காரர்கள் மூன்று தரம் ‘வாங்க’ என்று சொன்னால்தான் அவனால் நிலைப்படியைத் தாண்ட முடியும். அழைக்காமல் காட்டேரி உள்ளே வராது என்பது உலகம் முழுக்கப் பழைய சங்கதிதான். அதை மதுரைக்குக் கொண்டுவந்து, நம் ஜனங்களுக்கு வாயில் தானாக வந்துவிடுகிற வார்த்தையையே கண்ணியாக வைத்தது அவள் சொந்தக் கைவரிசை. அந்த நாவல் ஏழு பதிப்பு போனது. அப்புறம் தொடராக வந்தது, கிண்டல் படங்களாக வந்தது, யார் எழுதியது என்பதே மறந்துபோயிற்று. கதை போய்விட்டது, பழக்கம் தங்கிவிட்டது. வெளுப்புக்காரர்களுக்கு ‘வாங்க’ சொல்லக்கூடாது என்று ஒரு ஊரே கற்றுக்கொண்டிருக்கிறது.

உள்ளேயிருந்து ஒச்சம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துப் போனாள். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. இவள்தான் பாதியில் இலையை மூடினாள். எண்ணூறு பேர், நாலு வருஷமாக, எத்தனை வாசலில் இப்படி நின்றிருப்பார்கள் என்று நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் காலை சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் தேடிவந்தார். மோகனவேல், விளம்பரப் பிரிவு அதிகாரி. சின்ன வயது, இஸ்திரி கலையாத சட்டை. கருடராஜன் யாரென்று பதிப்பாளர் மகனிடம் விசாரித்துக் கண்டுபிடித்திருந்தார்.

“மேடம், நாங்க ஒரு கணக்கெடுப்பு நடத்தினோம். ரத்தம் குடுக்க ஏன் தயங்குறீங்கன்னு கேட்டா, பத்துல ஏழு பேர் சொல்றது என்ன தெரியுமா? வேங்கையன்.”

“பத்துல ஏழா?” என்றாள். குரலில் வருத்தத்தைத்தான் வரவழைக்கப் பார்த்தாள். பாழாய்ப்போன பெருமை முந்திக்கொண்டது.

“பயமுறுத்தினது நீங்க. நீங்களே ஆறுதல் சொன்னா ஜனம் கேக்கும். வேங்கையனை நல்லவனா மாத்தி ஒரு நாவல் வேணும். அழகா இருக்கணும். அழணும். படிக்கிறவங்களுக்கு அவன் மேல எரக்கம் வரணும்.”

“மாத்துறது ஒண்ணும் புதுசில்ல தம்பி. அவன் மாறிக்கிட்டேதான் வந்திருக்கான்.” காபியை அவர் பக்கம் தள்ளினாள். தொழில் பேச்சு வந்துவிட்டால் அவளுக்கு உடம்பு சரியில்லை என்பதே மறந்துவிடும். “ஆதியில காட்டேரி பெரிய மனுசன் இல்ல. எங்கேயோ ஒரு நாட்டுல, ஏதோ ஒரு கிராமத்துல, கொள்ளைநோய் வந்து ஆளுங்க கொத்துக் கொத்தாச் சாவாங்க. காரணம் புரியாது. மொதல்ல செத்தவனைத் தோண்டிப் பாப்பாங்க. வயிறு உப்பி, வாயோரம் ரத்தம் வழிஞ்சு கெடக்கும். அழுகின பொணம் அப்படித்தான் இருக்கும். அது அவங்களுக்குத் தெரியாது. இவன்தான் எந்திரிச்சு வந்து எல்லாரையும் குடிக்கிறான்னு முடிவு கட்டிருவாங்க. நாத்தம் புடிச்ச பொணம், அவ்வளவுதான் காட்டேரி.”

“உங்க முதல் வேங்கையனும் அப்படித்தான?”

“ஆமா, நகமும் மண்ணுமா வருவான். அப்புறம் எழுதுறவங்க கையில சிக்கினான். பட்டுச்சட்டை போட்டாங்க, மலை மேல அரண்மனை கட்டிக் குடுத்தாங்க. ஊர் உழைப்பை உறிஞ்சினவன் அப்ப அரண்மனையிலதான இருந்தான்? சனங்களுக்கு டக்குனு புரிஞ்சுது. நானும் வேங்கையனை ஜமீன்தார் ஆக்கினேன். அப்புறம் வாசகிங்க லெட்டர் போட ஆரம்பிச்சாங்க. ‘வேங்கையனுக்கு ஒரு காதலி இருக்கக் கூடாதா?’ உலகம் பூரா அதே சமயத்துல அதே கேள்வி. அவனும் இளைச்சு, வெளுத்து, பாட்டுப் பாடி, ‘நான் பாவி’ன்னு அழுது, ஆட்டு ரத்தம் குடிச்சுப் பொழைக்கிற பையனா ஆயிட்டான். காலேஜ் பொண்ணுங்க அவன் படத்தை நோட்டுல ஒட்டினாங்க.”

“பாத்தீங்களா, வேலை பாதி முடிஞ்சிருச்சு!” மோகனவேல் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “அடுத்தபடி, அவனை நோயாளியாக்குங்க. காட்டேரின்னாலே பாவப்பட்ட ஜென்மம்னு ஆகட்டும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “உங்க நிலைமை தெரியும் மேடம். எங்க ஆபீஸ்லயே ஒருத்தர் ரத்தம் குடுக்கத் தயாரா இருக்காரு. கையெழுத்துப் பிரதி வந்த அன்னைக்கே உங்களுக்குப் பாலம் போட்டுரலாம்.”

பத்து நாள் மிச்சமிருந்தது. அவள் சரி என்றாள். நீங்களாக இருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

மூன்று நாளில் நாற்பது பக்கம் ஓடியது. கை இன்னும் மறக்கவில்லை என்பதில் அவளுக்கு ஒரே மிதப்பு. புது வேங்கையன் வெள்ளைச் சட்டையில் வந்தான். கண் கலங்கினால் பார்க்கிறவர் நெஞ்சு இளகும். அவன் இரவெல்லாம் பசியை அடக்கிக்கொண்டு மழையில் நின்றான். கடைசியில் ஒரு பெண்ணின் கழுத்தருகே குனியும்போது, “என்னை மன்னித்துவிடு” என்று சொல்லி ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டான். எழுதி முடித்ததும் அவளுக்கே கண்ணில் தண்ணீர் நின்றது.

மறுநாள் பரிசோதனைக்குக் கூட்டிப்போக வந்த ஒச்சம்மாள், இவள் சேலை மாற்றுவதற்குள் மேஜையில் கிடந்ததை எடுத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். இவள் வெளியே வந்தபோது இருபதாம் பக்கத்தில் இருந்தாள்.

“என்னடி, எப்படி இருக்கு?”

“யக்கா... நீங்கதான் கருடராஜனா?”

பதில் சொல்லத் தேவையில்லாதபடிக்கு அங்கயற்கண்ணியின் முகமே சொல்லிவிட்டது.

“ஆத்தாடி! பத்தாப்புல வகுப்புல டெஸ்குக்கு அடியில வச்சு வச்சுப் படிச்சேன். வேங்கையன் ஜமீன்தாரா வருவானே, அது ஒண்ணுகூட விடல.” ஒச்சம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு மறுபடி இருபதாம் பக்கத்தைப் பார்த்தாள், முகம் லேசாகச் சுருங்கியது. “நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கவா? அந்தப் புள்ள பேரு என்ன?”

“எந்தப் புள்ள?”

“கழுத்தக் குடுத்துக்கிட்டு நிக்குதே, அது. அவன் சட்டைப் பொத்தான எழுதியிருக்கீங்க, அவன் கண்ணு என்ன நெறம்னு எழுதியிருக்கீங்க, அவன் அழுத அழுகைய ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கீங்க. அது பேரையே காணோமே?”

“அது... கதைக்கு அவசியப்படல.”

“அன்னைக்கும் அப்படித்தான்க்கா. பொணமா வந்தப்பயும் அது செத்துச்சு. ஜமீன்தாரா வந்தப்பயும் செத்துச்சு. காதலிக்க வந்தப்ப மயங்கி விழுந்துச்சு. எங்க கூட்டாளிக நாலு பேரும் இதையே பேசிச் சண்ட போடுவோம். அவன் நல்லவனா கெட்டவனாங்கறதுதான் ஒங்களுக்கு மாறுது. கழுத்து யாருதுன்னு ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா? அதுக்கு வாய் இல்லையா? ‘இப்ப வேணாம், எனக்கு வண்டிக்கு நேரமாச்சு’ன்னு சொல்லாதா?”

நாவில் நரம்பில்லாமல் பேசினாளே தவிர, குத்த வேண்டும் என்று பேசவில்லை. வாசகி, கேட்டாள். இருபது வருஷத்தில் வந்த மூட்டை மூட்டையான கடிதங்களில் ஒருத்தர் கூட இதைக் கேட்டதில்லை. அல்லது கேட்டிருப்பார்கள், இவள் கண்ணில்தான் படவில்லை.

ஆஸ்பத்திரி போய் வந்ததும் அங்கயற்கண்ணி நாற்பது பக்கத்தையும் நாலாகக் கிழித்தாள். ஆறு நாள் இருந்தது. நெஞ்சு படபடக்க, மாடிப்படி ஏறினாலே கண் இருட்ட, நடுநடுவே படுத்துப் படுத்து எழுந்து, நாலே நாளில் தொண்ணூற்றாறு பக்கத்தை எழுதி முடித்தாள்.

தலைப்பு ‘கழுத்துக்குச் சொந்தக்காரி’. கதாநாயகி வீராயி, வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறவள். வேங்கையன் பட்டுச்சட்டையோடு வந்து பட்டறை வாசலில் நிற்கிறான். மிரட்டுகிறான், அவள் வேலையை நிறுத்தவில்லை. அழுகிறான், துடைத்துக்கொள்ளத் துணி கொடுக்கிறாள். காதலைச் சொல்கிறான், “சரி, அப்புறம்?” என்கிறாள். கடைசியில் அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “உனக்கு வேணும்னா கேளு. தர்றதும் தராததும் என் இஷ்டம். முடியாதுன்னா போயிரணும்.” வேங்கையனுக்கு வாய் வரவில்லை. இருபது வருஷமாக எடுத்தே பழகியவன், கேட்கத் தெரியாது. திணறித் திணறி, கேட்க முடியாமலே பொடிப்பொடியாக உதிர்ந்துபோகிறான். அப்புறம் அதே வாசலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு வாத்தியார் வருகிறார், வெளுப்புக்காரர். தயங்கித் தயங்கிக் கேட்கிறார். வீராயி அவரை உட்காரச் சொல்லிவிட்டு யோசிக்கிறாள். அவள் யோசிப்பதுதான் மிச்ச அறுபது பக்கமும். கெட்டவன் நல்லவனாக ஆகிற கதை இல்லை அது. கேட்கிறவன் காட்டேரியே இல்லை என்கிற கதை.

வேங்கையனைக் கொன்ற பக்கத்தை முடித்ததும் அவள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். பெற்ற பிள்ளை போல வளர்த்தவன். ஆனால் இந்தச் சாவு அவன் இதுவரை பண்ணிய எல்லா அட்டகாசத்தையும்விடப் பெரிய சாவு. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

மோகனவேல் படித்துவிட்டு அன்று மாலையே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“மேடம், இது என்ன? இதுல நோயாளி மேல எரக்கமே வரலியே! அந்தப் பொம்பள அறுபது பக்கம் யோசிக்கிறா. முடியாதுன்னு சொல்லலாம்னு வேற எழுதியிருக்கீங்க. படிக்கிறவன் எல்லாம் முடியாதுன்னு சொல்லிட்டா?”

“சொல்லட்டும் தம்பி. முடியாதுன்னு சொல்ல வழியிருந்தாத்தான் சரிங்கறதுக்கு மதிப்பு.”

“நாங்க கேட்டது நல்ல காட்டேரி.”

“நல்ல காட்டேரியும் காட்டேரிதான? நாங்க எண்ணூறு பேரும் திருந்தின பிசாசு இல்ல. மனுசங்க. எங்களுக்கு எரக்கம் வேணாம், ரத்தம் போதும்.”

“அப்ப எங்க ஆபீஸ்காரரை...” மோகனவேல் நல்ல மனிதர்தான், அவருக்குச் சொல்லவே சங்கடமாக இருந்தது. “மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க மேடம். இன்னும் ரெண்டு நாள் இருக்கு. மொதல்ல நாற்பது பக்கம் எழுதியாச்சுன்னு போன்ல சொன்னீங்களே, அதையாவது குடுங்க. நானே முடிக்கச் சொல்லி ஏற்பாடு பண்றேன்.”

“கிழிச்சுப் போட்டுட்டேன்.”

அவர் பிரதியை மேஜையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அவளுக்குப் பயம்தான். பயமே இல்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் எழுந்து போய் அவரைக் கூப்பிடத் தோன்றவில்லை.

கதையை என்ன செய்வது? மாத நாவல் போடுகிறவர் யாருமில்லை இப்போது. ஒச்சம்மாள்தான், “என் வண்டி இருக்குல்ல” என்றாள். அன்று ராத்திரியே கதையின் முதல் பாதியை அவளே தன் வெண்கலக் குரலில் போனில் வாசித்துப் பதிவு செய்தாள். விடிவதற்குள் மீதியையும் முடித்துவிட்டாள். மறுநாள் விடிந்ததிலிருந்து மாட்டுத்தாவணிக்கும் பெரியாருக்கும் நடுவே ஓடிய அந்த ஷேர் ஆட்டோவில் பாட்டு இல்லை, வீராயி பேசினாள். கோரிப்பாளையத்தில் இறங்க வேண்டியவர்கள் சிம்மக்கல்லில் இறங்கினார்கள். ஒரு அம்மா, “அந்தப் புள்ள சரின்னுச்சா இல்லையா, அதச் சொல்லிட்டுப் போ” என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுத்தாளாம். மத்தியானத்துக்குள் ஸ்டாண்டில் இருந்த மற்ற வண்டிக்காரர்களும் வாங்கிப் பதிந்துகொண்டார்கள்.

ஒச்சம்மாள் இதையெல்லாம் போனில் சொல்லச் சொல்ல, கட்டிலில் படுத்திருந்த அங்கயற்கண்ணிக்கு உடம்பு பறந்தது. ஏழு பதிப்பு போனபோதுகூட இந்தப் பூரிப்பு இல்லை.

கடைசி நாள். காலை ஒன்பது மணி. ஒச்சம்மாள் தாங்கிப் பிடித்துத்தான் அவளை வண்டியில் ஏற்றினாள். வண்டி தெருமுனை தாண்டியது. அங்கயற்கண்ணி கேட்க வேண்டியதை வாய்க்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தாள். நாலு வருஷமாக ஆஸ்பத்திரிதான் ஆள் பிடித்துக் கொடுத்தது, ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். செல்வநாயகத்திடம்கூட அவள் ஒரு தடவையும் வாய் திறந்து கேட்டதில்லை, நன்றி மட்டும் சொல்லியிருக்கிறாள். எல்லாரையும் கேட்கச் சொல்லி அறுபது பக்கம் எழுதிவிட்டு, தான் கேட்கக் கூசுகிறோமே என்று நினைத்தபோது அவளுக்கே அவள் மேல் ஆத்திரம் வந்தது.

“ஒச்சம்மா, வண்டிய ஓரங்கட்டு.”

நிறுத்தினாள்.

“உன் ரத்தம் எனக்கு வேணும். இருபத்தொரு நாளைக்கு ஒரு தரம், ரெண்டு மணி நேரம். தருவியா?”

ஒச்சம்மாள் பின்பக்கம் திரும்பினாள். அவள் கண் நிறைந்திருந்தது.

“முடியாதுக்கா.”

அங்கயற்கண்ணி அதை எதிர்பார்க்கவில்லை. சத்தியமாக எதிர்பார்க்கவில்லை.

“நேத்து சாயங்காலமே ஒருத்தங்க கேட்டுட்டாங்க. கறுப்புக் கண்ணாடி போட்ட அம்மா, பெரியார்ல ஏறினாங்க. கதைய கேட்டுக்கிட்டே வந்தாங்க. கடைசி ஸ்டாப்புல எல்லாரும் இறங்கினப்புறமும் உக்காந்தே இருந்தாங்க. ‘எனக்கு ஒரு வருசமா ஆளு இல்லாம ஊசியிலயே தள்ளிக்கிட்டு இருக்கேன், இதுவரைக்கும் யார்ட்டயும் கேக்கத் தெரியல, இப்ப கேக்குறேன்’னாங்க. யோசிச்சேன். அறுபது பக்கம் யோசிக்கல, ஒரு டீ குடிக்கிற நேரம் யோசிச்சேன். சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன். ஒருத்தருக்கு ஒருத்தர்தானே?”

அங்கயற்கண்ணிக்கு, நம்புங்கள், சிரிப்பு வந்தது. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். காகிதத்தில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேரைக் கொன்ற கையால், நிஜத்தில் ஒரு உயிர் பிழைத்திருக்கிறது. பெயர்கூடத் தெரியாத ஒருத்தி.

“என்னக்கா சிரிக்கிறீங்க? எனக்கு நெஞ்சு வெடிக்குது.”

“பெருமையா இருக்குடி. நல்லாத் தெளிவா முடியாதுன்னு சொன்ன பாரு, உங்கிட்ட வீராயி தோத்தா.”

ஒச்சம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ரிசர்வ் லைன் ஸ்டாண்டுல பதினாலு பேரு இருக்காங்க. எல்லாரும் கதைய கேட்டவங்க. ஒங்களுக்காக நான் கேக்க மாட்டேன். நீங்கதான் கேக்கணும்.”

“நீ ஏன் கேக்கப்போற? வண்டிய விடு.”

வேப்பமரத்து நிழலில் ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் டீ கிளாஸோடு பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கிய வெளுத்த அம்மாவைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது. ஒச்சம்மாளின் தோளைப் பிடித்து அவள் நேராக நின்றுகொண்டாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். வெயில் ஊசியாகக் குத்தியது, இருந்தாலும் கண்ணைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

“என் பேரு அங்கயற்கண்ணி. வெளுப்புக் காய்ச்சல் வந்தவ. இன்னைக்குள்ள ஒருத்தர் ரத்தம் வேணும், அப்புறம் இருபத்தொரு நாளைக்கு ஒரு தரம். குடுக்க முடியுமான்னு கேக்க வந்திருக்கேன். முடியாதுன்னா தாராளமாச் சொல்லலாம்.”

முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் சங்கடத்தோடு எழுந்தார். “எனக்கு சக்கரை இருக்கும்மா. மூணு வேளையும் மாத்திரைல ஓடுது. ஆகாது.”

“சரிங்கய்யா” என்றாள். சொன்னது தனக்கே அவ்வளவு இலேசாக இருந்தது ஆச்சரியமாக இருந்தது. அடுத்தவர் பக்கம் திரும்பி, அதே வார்த்தைகளை முதலிலிருந்து கேட்டாள்.

அவர் முப்பது முப்பத்தைந்து வயது ஆள், பேர் மாயாண்டி. டீயை முழுசாகக் குடித்து முடித்தார். கிளாஸை பெஞ்சில் வைத்தார். ஒச்சம்மாளை ஒருதரம் பார்த்தார், அவள் வாயைத் திறக்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாயாண்டி யோசித்தார். ஸ்டாண்டே காத்திருந்தது. அங்கயற்கண்ணியும் காத்திருந்தாள், அவசரப்படுத்தாமல், முதுகை வளைக்காமல்.

“பன்னெண்டு மணிக்கு ஸ்கூல் சவாரி இருக்கு எனக்கு” என்றார் மாயாண்டி. “அதுக்குள்ள முடிஞ்சிருமா?”